'லோலிட்டா' நாவலாசிரியரை 1937-ல் உலுக்கிய தோல் நோய்... சோரியாசிஸ் என்றால் என்ன?

'லோலிட்டா' நாவலைப் படிக்காதவர்கள்கூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதை எழுதிய விளாதிமிர் நபக்கோவ், அந்த நாவல் வெளிவருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே உயிரை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்குப் போனவர். அவரை அங்கே தள்ளியதில் பெரும் பங்கு ஒரு தோல் நோய்க்கு இருந்தது. சோரியாசிஸ்.

வெறும் அரிப்பு ஒரு மனிதனை அந்த அளவுக்குக் கொண்டுபோகுமா? அவருடைய கதையைப் பார்த்தால் புரியும்.

யார் இந்த நபக்கோவ்?

1899-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். 1917 புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1919-ல் குடும்பமே நாட்டைவிட்டு வெளியேறியது. 1922-ல் பெர்லினில் நடந்த ஒரு கூட்டத்தில் அவருடைய அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். நபக்கோவ் ஆங்கிலமும் டென்னிஸும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தபடி, 'சிரின்' என்ற புனைபெயரில் ரஷ்ய மொழியில் நாவல்கள் எழுதினார். 1925-ல் வேராவைத் திருமணம் செய்தார். 1934-ல் மகன் திமித்ரி பிறந்தான்.

வேரா யூதர். ஹிட்லரின் ஜெர்மனியில் அந்தக் குடும்பம் எப்படி நிம்மதியாக இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, அப்பாவைக் கொன்றவர்களில் ஒருவருக்கு நாஜி ஆட்சியில் ரஷ்ய அகதிகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் பதவியும் கிடைத்தது.

1937-ல் என்ன நடந்தது?

அந்த ஜனவரியில், பிழைப்புக்கு வழி தேடி நபக்கோவ் தனியாகக் கிளம்பினார். பாரிஸ், லண்டன் என்று ஊர் ஊராக இலக்கியக் கூட்டங்கள். மனைவியும் குழந்தையும் பெர்லினில். கையில் காசு இல்லை, நிலையான வேலை இல்லை. இதற்கு நடுவே பாரிஸில் இன்னொரு பெண்ணுடன் காதல். அதை மறைத்துக்கொண்டே மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சோரியாசிஸ் உச்சத்துக்குப் போனது. தாங்க முடியாத அரிப்பு, தூக்கம் இல்லாத இரவுகள். பிப்ரவரியில் தற்கொலை எண்ணம் வரை போனதாகவும், மனைவி மனதில் இருந்ததால்தான் அந்த எல்லையைத் தாண்டவில்லை என்றும் மே மாதம் வேராவுக்கு எழுதினார். ஆனால் அப்போது அவர் தேறிவந்தார். பாரிஸில் ஒரு மருத்துவர் தினமும் புற ஊதா விளக்கு ஒளியில் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, இது என்ன நோய்?

இது தொற்று இல்லை, சுத்தக் குறைவால் வருவதும் இல்லை. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் கிளர்ந்தெழுவதால் வருவது. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உதிர நேரம் இல்லாமல் செல்கள் குவிந்து, சிவந்த தடிப்புகளாகவும் வெள்ளிச் செதில்களாகவும் தெரியும். மாநிறத்தில் இருப்பவர்களுக்கு அது சிவப்பாக இல்லாமல் ஊதா அல்லது அடர் பழுப்பாகத் தெரியலாம்.

மரபணுவில் வாய்ப்பு இருப்பவர்களுக்கு மன அழுத்தம், தொண்டைத் தொற்று, தோலில் காயம், குளிர்காலம், புகை, மது, சில மருந்துகள் ஆகியவை அதைத் தூண்டிவிடும். நபக்கோவுக்கு இதுதான் காரணம் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் குளிர், பயம், ரகசியம், பணக் கஷ்டம் எல்லாம் ஒரே நேரத்தில் அவர் தலையில் இறங்கின. இன்னொரு சிக்கலும் உண்டு: மன அழுத்தம் அரிப்பைக் கூட்டும், அரிப்பு தூக்கத்தைக் கெடுத்து மன அழுத்தத்தைக் கூட்டும். இந்தச் சுழலில்தான் பலரும் மாட்டிக்கிறாங்க.

வெளிச்சம் எப்படி மருந்தாகும்?

புற ஊதா ஒளி, தோலில் கிளர்ந்திருக்கும் எதிர்ப்பு செல்களை அடக்கி, செல்கள் பெருகும் வேகத்தையும் குறைக்கும். இன்று குறுகிய அலைவரிசை கொண்ட 311 நானோமீட்டர் ஒளியை, அளவு பார்த்து, வழக்கமாக வாரத்துக்கு 2 அல்லது 3 முறை கொடுக்கிறார்கள். அதற்காக உச்சி வெயிலில் போய் நிற்கக் கூடாது. தோல் வெந்தால் நோய் கூடும்.

லேசான பாதிப்புக்கு ஈரப்பதம் தரும் களிம்புகள், ஸ்டீராய்டு, வைட்டமின் டி வகைக் களிம்புகள் போதும். கடுமையானால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகள், பயாலஜிக் ஊசிகள் இருக்கு. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு ஸ்டீராய்டு வாங்காதீங்க. திடீரென்று நிறுத்தினால் நோய் இன்னும் வேகமாகத் திரும்பலாம். மூட்டு வலியோ காலையில் விறைப்போ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த நோய் மூட்டையும் தாக்கும்.

அப்புறம் நபக்கோவ்?

மே மாதத்தில் மனைவி, மகனுடன் மீண்டும் சேர்ந்தார். ஜூலையில் வேராவிடம் உண்மையைச் சொன்னார். அந்த ஆண்டே காதல் முறிந்தது, குடும்பம் பிழைத்தது. அடுத்து பாரிஸில் ஒரு சின்ன வீட்டில், குளியலறையில் உட்கார்ந்து, சூட்கேஸை மேசையாக்கி தன் முதல் ஆங்கில நாவலை எழுதினார். 1940-ல் அமெரிக்கா போனார். 1955-ல் 'லோலிட்டா' வெளிவந்தது. 1977-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தபோது வயது 78.

சோரியாசிஸை முழுசா விரட்டும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்க அவருக்கு அன்று கிடைத்ததைவிடப் பல மடங்கு வழிகள் நமக்கு இருக்கு. உங்க ஆபீஸில், வீட்டில் யாருக்காவது இது இருந்தால் தாராளமா கைகொடுங்க, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்க. ஒட்டாது. தோல் எப்படி இருக்கு என்பதோடு, ராத்திரி தூக்கம் வருதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்க.

*(தற்கொலை எண்ணம் எதற்கும் தீர்வல்ல. மனம் சோர்ந்தால் தமிழக அரசின் 104 அல்லது மத்திய அரசின் டெலிமானஸ் 14416 எண்ணை அழைத்துப் பேசலாம்.)*