ஆக்டேவ் ஷனூட்

1878-ஆம் ஆண்டில், அமெரிக்க தேசத்து அயோவா மாகாணத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ அத்தியட்சர் ஒருவர், தம் இளைய புதல்வர் இருவர்க்கு ஒரு விளையாட்டுக் கருவி வாங்கிவந்தார். தக்கை, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் இயன்ற அக்கருவி, முறுக்கிய ரப்பரின் விசையால் மேலெழுந்து பறக்கும். பிள்ளைகளுள் ஒருவனுக்கு வயது 11, மற்றவனுக்கு 7. அவர்கள் அதற்கு வௌவால் என்று பெயரிட்டு, அதனைப் போலவே பல தாமே செய்து பார்த்தனர். உருவத்தைப் பெருக்கினால் அது பறக்க மறுப்பதையும் கண்டு வியந்தனர். இச்சிறுவரே பிற்காலத்தில் உலகறிந்த வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் ஆவர்.

யாம் வரையப் புகுந்தது அவர்தம் சரிதமன்று. யாமும் எம் விடுதி மேன்மாடத்தினின்று காகித விமானங்கள் விட்டதுண்டு. ஒன்று மிதப்பதும் பிறிதொன்று தலைகீழாய் வீழ்வதும் ஏனென்று எமக்கு எடுத்துரைப்பார் இலர். ஆகவே அவ்வாசை சில நாளில் அவிந்தொழிந்தது. ரைட் சகோதரர்க்கோ அங்ஙனம் எடுத்துரைக்கும் முதியவர் ஒருவர் வாய்த்தார். அவரே ஆக்டேவ் ஷனூட்.

இவர் 1832-ஆம் ஆண்டு பாரிசு நகரில் பிறந்து, ஆறாம் வயதில் தந்தையாருடன் அமெரிக்கா சேர்ந்தவர். கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். 1849-இல் ஹட்சன் நதியோரமாக இருப்புப்பாதை அமைத்தோரிடம் அளவுச் சங்கிலி பிடிக்கும் ஏவலராய் அமர்ந்து, மூத்த எஞ்சினீயர்களைப் பார்த்தே தொழில் பயின்றார். இருபதாண்டு கழித்து, 1869-இல், கான்சாஸ் நகரில் மிசௌரிப் பேராற்றின்மீது அமைந்த முதல் நிலையான பாலம் இவர் கைத்திறத்தால் எழுந்தது. செல்வமும் கீர்த்தியும் பெருகின.

ஆயினும் இவர் உள்ளத்தை நெடுநாள் கவர்ந்திருந்தது மனிதன் பறக்கும் வித்தையே. அக்காலத்தில் அதனைப் பேசும் எஞ்சினீயரைப் பித்தர் என்று நகைப்பர். முதுமையெய்தி ஓய்வு வாய்த்த பின்னரே இவர் வெளிப்படையாக அதில் இறங்கினார். பல தேசத்தாரும் செய்த முயற்சிகளையும், அவர் தவறிய இடங்களையும் ஆராய்ந்து 1894-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1896-இல், தம் அறுபத்து நான்காம் வயதில், இளைஞர் சிலருடன் மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளில் கூடாரமடித்துத் தங்கி, எஞ்சினின்றிக் காற்றில் சறுக்கும் விமானங்களைச் சோதித்தார். புகைவண்டிப் பாலங்களுக்கு வலிமை தரும் குறுக்குக் கம்பிக் கட்டினை, ஒன்றன்மேலொன்றாய் நின்ற இரு சிறகுகட்கிடையே இவர் அமைத்தது அப்பொழுதே. அவ்விமானம் ஒருமுறை 359 அடி தூரம் சென்றது. இவர் தாம் கண்டவற்றை மறைத்தாரல்லர். வரைபடங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, எவரேனும் எடுத்து மேம்படுத்துக என விட்டார்.

1900-ஆம் ஆண்டு மே மாதம் வில்பர் ரைட்டிடமிருந்து இவர்க்கு ஒரு கடிதம் வந்தது. முன்பின் அறியாத சைக்கிள் கடைக்காரர்! ஷனூட் சில நாளிலேயே விடையெழுதி, சோதனைக்குக் கடலோர மணற்குன்றுகள் ஏற்றவையென அறிவுறுத்தினார். அன்று முதல் நூற்றுக்கணக்கான கடிதங்கள் இருவரிடையே சென்றன. 1901-இல் கிட்டி ஹாக் மணல்வெளியில் சகோதரரின் சோதனை தோல்வியுற, அவர் மனம் உடைந்தனர். நேரில் வந்து கண்டிருந்த ஷனூட், அவர் முயற்சியைக் கைவிடாதபடி ஊக்கினார். அதனோடமையாது, தாம் தலைவராயிருந்த எஞ்சினீயர் சங்கத்தில் சொற்பொழிவாற்றுமாறு வில்பரைச் சிக்காகோவிற்கு அழைத்தார். அறிஞர் அவையில் நின்று தம் சோதனைகளை விளக்கிய அந்த நாள், வில்பர்க்கு எத்துணைத் துணிவளித்திருக்கும்! அவ்வாண்டின் இறுதியிலேயே சகோதரர், பழைய கணக்குப் பட்டியல்களை நம்பாது, தாமே காற்றுக் குழாய் அமைத்துச் சிறகுகளை அளக்கலாயினர்.

1903 நவம்பரில் ஷனூட் மீண்டும் கிட்டி ஹாக் சென்றார். குளிர் பொறாது சில நாளில் திரும்பிவிட்டார். டிசம்பர் 17-ஆம் நாள் எஞ்சின் பூட்டிய விமானம் 12 விநாடி பறந்தபொழுது வழிகாட்டியவர் அங்கில்லை.

இனிக் கூறுவது வருத்தந் தருவது. அவ்வாண்டு ஏப்ரலில் பாரிசு நகரில் பேசிய ஷனூட், சகோதரரின் முறைகளைத் தாராளமாக எடுத்துரைத்ததோடு, கேட்டோர் அவரைத் தம் மாணாக்கரெனக் கருதவும் இடங்கொடுத்தார். சகோதரரோ, சிறகைத் திருகிச் சமனிலை காக்கும் உபாயம் முற்றும் தமதே என்றனர். அதற்கு 1906-இல் பேட்டண்டு உரிமையும் பெற்று, பின்னர் வழக்குகள் தொடுத்தனர். அறிவைப் பூட்டி வைத்தலை ஷனூட் வெறுத்தார். அவ்வுபாயம் புதிதன்று என்று பத்திரிகைக்காரரிடம் கூறியும் விட்டார். 1910-இல் கடிதங்கள் கடுமையாயின. எம் கருத்தில், உபாயத்தைப் பொறுத்தவரை நியாயம் சகோதரர் பக்கமே. ஷனூட் அதன் நுட்பத்தை இறுதிவரை முழுதும் உணர்ந்தாரெனத் தோன்றவில்லை. எனினும், கைம்மாறு கருதாது பத்தாண்டு உடனின்ற முதியவர்க்கு அக்கடிதங்கள் எத்தகைய புண் செய்திருக்கும்! ஏப்ரலில் வில்பர் சமாதானம் நாடி எழுதினார். நோயுற்றிருந்த ஷனூட்டும் இணக்கமாகவே விடையிறுத்தார். ஆயினும் பழைய நெருக்கம் திரும்புமுன், 1910 நவம்பர் 23-ஆம் நாள் அவர் காலமானார்.

1911 ஜனவரியில் வில்பர் ஒரு பத்திரிகையில் அவரைக் குறித்து எழுதினார். ஷனூட் பிறவாதிருப்பின் விமானக்கலையின் முன்னேற்றம் இவ்வாறு அமைந்திராது என்பதை அதில் ஒளியாது ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே அவரும் விஷசுரத்தால் மறைந்தார். இருவர் தம் கடிதங்களும் வாஷிங்டன் நகரத்துப் பெரு நூல்நிலையமொன்றில் ஒரே கூரையின்கீழ்க் காக்கப்பட்டிருக்கின்றன.