பருவமழையைக் கணக்கிட வந்த கணித மேதை

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தின் நடுவில் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் எண்ணை அறிவிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை, நீண்டகால சராசரியில் எத்தனை சதவீதம் இருக்கும் என்பதே அந்த எண். ரிசர்வ் வங்கி, உர நிறுவனங்கள், பங்குச் சந்தை, மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கும் டெல்டா விவசாயி என அனைவருக்கும் அது முக்கியமானது. அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள கணக்கு முறைக்கு அடித்தளமிட்டவர் சர் கில்பர்ட் வாக்கர். தமிழகத்தில் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் அவர் பெயரை ஓரிடத்தில் கடந்து சென்றிருப்பார்கள். அதற்கு மேல் அவரை நாம் அறியவில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது வானிலையின் வழியாக அல்ல. பொருளாதார அளவையியல் பாடத்தில் யூல் - வாக்கர் சமன்பாடுகள் என்றொரு பகுதி உண்டு. விலைவாசி, உற்பத்தி போன்றவற்றின் இன்றைய அளவு அவற்றின் முந்தைய அளவுகளை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பதை மதிப்பிட அவை உதவுகின்றன. பல ஆண்டுகள் அவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். அந்த வாக்கர்தான் பருவமழை வாக்கர் என்று எந்தப் பாடநூலும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

1868-இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ராச்டேல் நகரில் பிறந்தவர் வாக்கர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்று, 1889-இல் முதல் மாணவருக்குரிய சீனியர் ராங்ளர் சிறப்பைப் பெற்றார். அடுத்த ஆண்டே உடல்நலம் குன்றியது. சுவிட்சர்லாந்தில் சில குளிர்காலங்களைக் கழித்துத் தேறினார். அங்கே பனிச்சறுக்கு விளையாட்டில் ஏற்பட்ட ஆர்வம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. எறிந்தால் திரும்பி வரும் பூமராங்கின் இயக்கத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதியதால் 'பூமராங் வாக்கர்' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. புல்லாங்குழலின் அமைப்பு, சிறகசைக்காமல் வட்டமிடும் பறவைகளின் பறத்தல் ஆகியவற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. வானிலை மட்டும் அவர் படிக்காத பாடம்.

அத்தகைய ஒருவரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக்கியது ஏன்? அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1875-இல் தொடங்கப்பட்ட அத்துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட். தொடங்கிய மறு ஆண்டே, தமிழர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். மழை பொய்க்கப்போவதை முன்பே அறிய முடியுமா என்ற கேள்வி அரசின் முன் நின்றது. (முன்பே அறிந்திருந்தாலும் தானிய ஏற்றுமதியை அந்த அரசு நிறுத்தியிருக்குமா என்பது வேறு கேள்வி. பஞ்சத்துக்கு மழை மட்டும் பொறுப்பல்ல என்பதைப் பொருளியல் படித்தவர்கள் அறிவார்கள்.) இமயமலையில் பனி மிகுந்தால் சமவெளியில் மழை குறையும் என்று கண்ட பிளான்போர்ட், 1886 முதல் முறையான பருவ முன்கணிப்பை வெளியிடத் தொடங்கினார்.

அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், விரிவான, நீண்ட முன்கணிப்புகளை வெளியிட்டார். 1899-இல் அது படுதோல்வி அடைந்தது. நல்ல மழை எதிர்பார்க்கப்பட்ட ஆண்டில் கொடிய வறட்சி வந்து, மேற்கு, மத்திய இந்தியாவில் பெரும் பஞ்சம் பரவியது. பத்திரிகைகள் கடுமையாகச் சாடின. அதன்பின் சில ஆண்டுகள் முன்கணிப்பு அரசுக்கு மட்டும் ரகசியமாக வழங்கப்பட்டது. தன் அனுபவமும் உள்ளுணர்வும் போதவில்லை என்று கருதியோ என்னவோ, எலியட் தனக்குப் பின் ஒரு கணித அறிஞரைத் தேர்ந்தெடுத்தார். 1904-இல் வாக்கர் சிம்லாவில் பொறுப்பேற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட பாதை அக்காலத்துக்குப் புதியது. மழை ஏன் பெய்கிறது என்ற கோட்பாட்டை அவர் தேடவில்லை. அதை விளக்கும் இயற்பியல் அப்போது யாரிடமும் இருக்கவில்லை. எது எதனுடன் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று மட்டும் பார்த்தார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, ஆற்று வெள்ளம் குறித்த பல்லாண்டுப் பதிவுகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் இந்திய மழைக்கும் இடையிலான ஒட்டுறவைக் கணக்கிட்டார். கணினி இல்லாத காலம். அத்தனை பெருக்கலையும் கூட்டலையும் கையால் செய்தவர்கள் அவரது அலுவலகத்தின் இந்திய எழுத்தர்கள். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் பெரும்பாலும் இல்லை.

1909-இல் அவர் பயன்படுத்திய சூத்திரத்தில் நான்கு கூறுகள் இருந்தன: இமயத்தின் பனி, தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், மொரீஷியஸின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை. சிம்லாவில் அமர்ந்து தஞ்சையின் நெல்லுக்கும் பஞ்சாபின் கோதுமைக்கும் தென் அமெரிக்காவில் விடை தேடியது அன்று வேடிக்கையாகத் தோன்றியிருக்கும்.

என்னை அவரிடம் மிகவும் ஈர்ப்பது இந்த இடத்தில் அவர் காட்டிய நேர்மை. நூறு காரணிகளை ஒப்பிட்டால், தற்செயலாகவே சில நெருங்கிய உறவுள்ளவைபோலத் தோன்றும். அவற்றில் பெரியதைப் பொறுக்கி எடுத்துக் கண்டுபிடிப்பு என்று அறிவித்துவிடலாம். இந்தச் சறுக்கலை 1914-இலேயே சுட்டிக்காட்டி, பலவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ஓர் உறவு கடுமையான சோதனையைக் கடக்க வேண்டும் என்றார். பெருந்தரவு யுகத்தில் வாழும் நம் ஆய்வாளர்கள் பலர் இன்றும் மறந்துவிடும் பாடம் இது.

இந்தியா முழுமைக்கும் ஒரே எண் என்பதிலும் அவருக்கு நிறைவில்லை. பின்னாளில் தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு என நாட்டைப் பிரித்துக் கணக்கிட்டார். இதன் அருமை நமக்குப் புரியும். தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் இயல்புடைய எல் நினோ, தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டுகிறது. எல் நினோ ஆண்டான 2015-இல் சென்னை மூழ்கியது. மறு ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னை வந்தபோது, துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலக எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்பேடுகளை அவரிடம் காட்டினார். அவை தன் துறைக்கு அப்பாற்பட்டவை என்றாலும் அவற்றின் தரத்தை வாக்கர் உணர்ந்துகொண்டார். அந்த இளைஞரை வயிற்றுப்பாட்டுக் கவலையின்றி ஆய்வு செய்ய விட வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. மழையைக் கணிக்க வந்தவர் நமக்குச் செய்த பேருதவி இது என்று சொன்னால் மிகையாகாது.

1924-இல் வாக்கர் இந்தியாவை விட்டுச் சென்றார். அதே காலகட்டத்தில்தான் அவரது மிகப் பெரிய கண்டுபிடிப்பு வெளிவந்தது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. பூமியளவு பெரிய இந்தத் தராசுக்குத் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதுபோன்ற அலைவுகளைக் கண்டார்.

ஆனால் அவர் தேடி வந்தது கிட்டவில்லை. அவரது சூத்திரங்களில் சில உறவுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழந்தன. பின்னாளில் அதே பதவியில் அமர்ந்த சார்லஸ் நார்மண்ட், 1953-இல் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார்: இந்தியப் பருவமழையை முன்னறிவது கடினம்; ஆனால் அதைக்கொண்டு உலகின் பிற பகுதிகளில் பின்னால் நிகழ்வதை ஓரளவு கூற முடிகிறது.

சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை. நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று தோன்றிய 1997-இல் மழை சராசரியைவிடச் சற்று அதிகமாகவே பெய்தது. இயல்பான மழை என்று கணிக்கப்பட்ட 2002-இல் ஜூலை மாத மழை ஏறத்தாழ பாதியாகி, பருவம் 19 சதவீதப் பற்றாக்குறையுடன் முடிந்தது. 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பின் மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது.

இங்கிலாந்து திரும்பிய வாக்கர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைப் பேராசிரியராகப் பத்தாண்டுகள் பணியாற்றி 1934-இல் ஓய்வு பெற்றார். 1958 நவம்பரில், தொண்ணூறாவது வயதில் மறைந்தார். உலக வானிலைக்குக் கோட்பாடு காண அவர் கொண்டிருந்த நம்பிக்கை கைகூடவில்லை என்ற தொனியிலேயே அறிவியல் இதழின் இரங்கல் குறிப்பு அமைந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1969-இல், ஜேக்கப் பியர்க்னஸ் பசிபிக் கடற்பரப்பின் வெப்பமும் வாக்கரின் அலைவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று விளக்கினார். அக்கடலின் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் சூட்டியவரும் அவரே.