மெக்காலேயும் இரு தங்கையரும்

மெக்காலே பிரபுவின் பெயரை அறியாதார் நம்மில் இலர். ஆங்கிலக் கல்வியைத் தந்தவர் என்று சிலர் போற்றுவர்; நம் மொழிகளைத் தாழ்த்தியவர் என்று பலர் தூற்றுவர். அவருடைய கடிதங்களிலோ வேறொரு மனிதர் தென்படுகிறார். தங்கையர்மீது உயிரையே வைத்திருந்த தமையன் அவர். பிறந்த ஊரை விட்டு வந்து வரதய்யபாளையத்தில் குடியிருக்கும் நமக்கு அவர் கதை அந்நியமானதன்று.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1800-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஒன்பது மக்களுள் அவரே மூத்தவர். தந்தையார் சக்காரி மெக்காலே அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பாடுபட்டவர். அவருடைய வியாபாரம் நொடித்தபோது, குடும்ப பாரம் மூத்த மகனின் தோளில் ஏறியது. இறுதிவரை மணம் புரியாத மெக்காலேக்கு ஹன்னா, மார்கரெட் என்னும் இளைய தங்கையர் இருவருமே உலகமாயினர். பார்லிமெண்டில் நடந்த விவாதங்களையும், விருந்துகளில் கண்ட பெரிய மனிதர்களையும், வீட்டுச் செய்திகளையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதுவது அவர் வழக்கம்.

1832-இல் மார்கரெட் மணமாகிச் சென்றார். அடுத்த ஆண்டு, கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினர் பதவி மெக்காலேயைத் தேடி வந்தது. ஆண்டுச் சம்பளம் 10,000 பவுன். குடும்பத்தைக் காக்கவே அதை ஏற்பதாக ஹன்னாவுக்கு எழுதி, உடன் வருமாறு வேண்டினார். தங்கையும் இசைந்தார்.

1834 ஜூன் 10-ஆம் நாள் இருவரும் சென்னையில் இறங்கினர். ஹன்னா கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு உதகையில் தங்கியிருந்ததால், மெக்காலே பல்லக்கிலேறி, மனிதர் தோள்மீதே ஏறத்தாழ 400 மைல் கடந்து, மைசூர் வழியாக நீலகிரியை அடைந்தார். சில மாதங்கள் அங்கே தங்கிய பின்னரே அவரும் கல்கத்தா சேர்ந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் மார்கரெட்டுக்கு ஒரு கடிதம் வரைந்தார். ஹன்னாவுக்கும் சார்லஸ் டிரெவிலியன் என்னும் அதிகாரிக்கும் மணம் நிச்சயமானதே செய்தி. மாப்பிள்ளை காதல் பேசும் வேளையிலும் நீராவிக் கப்பல், சர்க்கரை வரி, இந்தியர் கல்வி, கீழ்நாட்டு மொழிகளை ரோமன் எழுத்தில் எழுதுதல் ஆகியவற்றையே பேசுகிறார் என்று நகைச்சுவையாக எழுதினார். உடனிருந்த தங்கையும் பிரிகின்றாளே என்னும் துயரத்தையும் மறைக்கவில்லை.

அக்கடிதத்தைப் படிக்க மார்கரெட் உயிரோடு இல்லை. ஆகஸ்ட் மாதமே செங்காய்ச்சலால் இறந்துவிட்டார். கப்பல் தபால் மாதக்கணக்கில் தவழ்ந்து வந்த காலம்; 1835 ஜனவரியில்தான் செய்தி எட்டியது. சென்னையில் கால்வைத்த நாள்முதல் அவர் எழுதிய எக்கடிதமும் அவள் கண்ணில் படவில்லை. துயரை மறக்கக் கிரேக்க, இலத்தீன் நூல்களில் மூழ்கினார்.

அத்துயரின் நடுவே, பிப்ரவரி 2-ஆம் நாள், அவருடைய புகழ்பெற்ற கல்விக் குறிப்பு எழுந்தது. சமஸ்கிருதமும் அரபும் தமக்குத் தெரியாது என்று அதில் ஒப்புக்கொண்டவர், அவற்றின் இலக்கியத்தை ஐரோப்பிய நூல்களுக்கு மிகமிகத் தாழ்வானது என்று தீர்ப்புரைத்தார். படியாததைப் பழித்தது பெரும் பிழையே. ஆயினும் அவர் ஆக்கிய குற்றவியல் சட்டம் 1860-இல் நிறைவேறி, 2024 ஜூன் முடிய நம்மை ஆண்டது.

1838-இல் அவர் ஹன்னா குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். கரையேறுமுன்னரே தந்தையார் மறைந்திருந்தார். 1859-இல் டிரெவிலியன் சென்னைக் கவர்னராக வந்தார். ஹன்னாவும் கணவரிடம் செல்லவேண்டியிருந்தது. அப்பிரிவை எண்ணி எண்ணி மெக்காலே உள்ளம் நைந்தார். அவள் புறப்படுமுன், அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள் உயிர்நீத்தார்.

அயலூரில் இருப்போர்க்குத் தாய்மொழிக் கடிதம் எத்துணை பெரிய துணை என்பதை அவரைப்போல் அறிந்தார் சிலரே. அத்துணை நமக்கும் நம் மொழியில் வேண்டும் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நாமேனும் எண்ணுவோம். நம் காலனிப் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் செவ்வனே கற்கட்டும். ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி எழுதவும் கற்கட்டும். அவ்வரிகளைப் படிக்க அவர் இருக்கும்போதே எழுதட்டும்.