விதை காத்த வித்தகர்

உழவர் எவ்வளவு உழைப்பினும், வானம் பொய்த்தால் பயிர் வாடும். கடுங்குளிர் வந்தால் கருகும். நோய் தாக்கினால் மடியும். இவ்விடர்களைத் தாங்கும் ஆற்றலைப் பயிர்களுக்கு அளிக்கும் வழியை விதைகளிலேயே தேடியவர் நிக்கோலாய் வாவிலோவ் என்னும் உருசிய அறிஞர் ஆவார்.

வாவிலோவ் 1887ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வேளாண்மைக் கல்வி கற்றுத் தேர்ந்த பின்னர், இங்கிலாந்து சென்று பேட்சன் என்னும் மரபியல் அறிஞரிடம் பயின்றார். பூஞ்சண நோயால் சில கோதுமை வகைகள் அழிய, வேறு சில எதிர்த்து நிற்பதன் காரணத்தை ஆராய்ந்தார்.

1921ஆம் ஆண்டில் வால்கா ஆற்றுப் பகுதியில் மழை பொய்த்துக் கொடும்பஞ்சம் பரவியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பஞ்சத்தை வெல்ல வல்ல பயிர்களை உருவாக்குவதே வாவிலோவின் வாழ்க்கை நோக்கமாயிற்று. எங்கும் ஒரே வகைப் பயிரை விளைவித்தால், ஓர் இடரே அனைத்தையும் அழித்துவிடக்கூடும். மலைச்சரிவிலும் வறண்ட நிலத்திலும் பல தலைமுறைகளாக விளைந்துவரும் பழம்பயிர்களோ, அவ்விடத்துக் குளிரையும் வறட்சியையும் தாங்கப் பழகியவை. அவற்றை மிகுந்த விளைவு தரும் வகைகளோடு இனக்கலப்புச் செய்தால், அவ்வுரம் புதிய பயிர்களுக்கும் வந்து சேரும்.

ஒரு பயிரின் வகைகள் மிகுந்துள்ள இடமே அதன் தாயகம் என அவர் கருதினார். ஆதலின் அத்தகைய இடங்களை நாடிச் சென்றார். 1916ஆம் ஆண்டில் பாமீர் மலைநாட்டிலும், 1924இல் ஆப்கானித்தானத்திலும், 1927இல் எத்தியோப்பியாவிலும் அலைந்து விதைகளைத் திரட்டினார். லெனின்கிராடு நகரில் அவர் தலைமை தாங்கிய நிலையத்தில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

அக்காலத்தில் லைசென்கோ என்பவர் மரபியலை மறுத்து, விளைச்சலை விரைவில் பெருக்குவதாகக் கூறி ஆட்சியாளரின் ஆதரவைப் பெற்றார். வாவிலோவ் தாம் கண்ட உண்மையைக் கைவிடவில்லை. அதனால் 1940ஆம் ஆண்டில் சிறைப்பட்டார். உலகின் பசிப்பிணி நீக்கப் பாடுபட்ட அப்பெருமகனார், 1943ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் சரத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து உயிர் நீத்தார்.

அவர் சிறையிலிருந்தபோது, 1941ஆம் ஆண்டில் செருமானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. நகரமே பசியால் வாடியது. நிலையத்தில் நெல்லும் கோதுமையும் இருந்தன. எனினும், அவருடைய உடனுழைப்பாளர்கள் அவற்றை உண்ண மனங்கொள்ளாது காத்தனர். அவர்களுள் பலர் பசியால் மாண்டனர்.

1955ஆம் ஆண்டில் சோவியத்து அரசு வாவிலோவைக் குற்றமற்றவர் என அறிவித்தது. அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்குக் காக்கப்பட்ட விதைகளிலிருந்து புதிய பயிர்வகைகள் பல தோன்றின. இன்று ஒரு பிடி விதையைக் காப்பவர், நாளை ஒரு நாட்டின் பசியைத் தீர்ப்பவர் ஆவார்.