பிரித்துப் பார்த்த பிரின்சிபால்

நான் பிளஸ் ஒன்னில் தொழிற்பிரிவு எடுத்தபோது, மார்க் வரலையா என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால்தான் இந்த இதழுக்கு ஜி.டி.நாயுடுவைப் பற்றி எழுதுகிறேன்.

1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் மூணாவதோடு சரி. (வாத்தியார் மேலேயே மண்ணை வீசினாராம். நாம செய்ய வேண்டாம்!) ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான், தூக்கம் போச்சு. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். ஓட்டி ஊர் சுத்தினார்னு நினைப்பீங்க. இல்லை, முதல்ல மொத்தமாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். அவருக்கு அதுதான் ஒர்க்ஷாப், அதுதான் பாடப்புத்தகம்.

பிறகு திருப்பூரில் பருத்தி ஜின்னிங் பேக்டரி நடத்தினார். சம்பாதித்ததை பம்பாய் பருத்தி வியாபாரத்தில் விட்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டாரும் செய்தார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்ததற்கு அவருடைய முயற்சியும் பணமும் காரணம். அவரே பிரின்சிபால். மூணாவதோடு நின்றவர்! கழற்றி மாட்டிக் கற்றவருக்கு நாலு வருஷப் படிப்பு வீணாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் போதும் என்றார். ஆங்கில அரசு ஒத்துக்கவில்லை. பதவியை விட்டுட்டு வந்துட்டார்.

1974-ல் மறைந்தார். ஆனால் இரண்டே வருஷத்தில் கணக்குப் பாடம் எல்லாம் முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். கணக்கு சார் சொல்லணும்.