வலது கையைச் சிதைத்த குண்டு. இடது கையால் 2 ஒலிம்பிக் தங்கம்! யார் இந்த கரோலி டகாக்ஸ்?

துப்பாக்கி சுடும் வீரருக்கு, சுடுகிற கையே போய்விட்டால்? ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாக்ஸுக்கு 1938-ல் இதுதான் நடந்தது. ஆனா அவரோட கதை அங்கே முடியலை.

யார் இவர்?

1910-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1936-க்குள் உலகத்தரம் வாய்ந்த பிஸ்டல் வீரராக உயர்ந்துவிட்டார். இருந்தும் பெர்லின் ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை. காரணம், அவர் வெறும் சார்ஜென்ட். ஹங்கேரி அணியில் அதிகாரிகளுக்கு மட்டுமே அனுமதி. பிறகு அந்தத் தடை நீங்கியது. அடுத்த இலக்கு, 1940 ஒலிம்பிக்.

என்ன நடந்தது?

ராணுவப் பயிற்சியில் பழுதான கையெறி குண்டு ஒன்று வெடித்து வலது கையைச் சிதைத்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி வாசம். வெளியே வந்தவர், யாருக்கும் தெரியாமல் இடது கையால் பயிற்சியைத் தொடங்கினார். 1939 தேசிய போட்டிக்கு அவர் வந்தபோது, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கார் என்று சக வீரர்கள் நினைத்தார்களாம். பட்டத்தை வென்றது அவர்தான்.

கை மாறினால் என்ன சிக்கல்?

பிடிமானம், தோள், நிற்கும் விதம், விசையை அழுத்தும் விரல் எல்லாமே புதுசு. இப்படி அடிப்படையிலிருந்து பழக, இன்றைய ரைபிள், பிஸ்டல் வீரர்கள் நம்புவது 'ட்ரை ஃபயர்' பயிற்சியை. அதாவது, தோட்டா இல்லாமலே குறிபார்த்து விசையை அழுத்துவது.

இதில் என்ன பயன்? நிஜமாகச் சுடும்போது சத்தமும் பின்னுதைப்பும் தவறை மறைத்துவிடும். தோட்டா இல்லாதபோது, 'க்ளிக்' கேட்கும் நொடியில் குழல்முனைக் குறி அசைந்ததா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். அசைந்தால், விரல் விசையைப் பக்கவாட்டில் இழுக்குது என்று அர்த்தம். களைத்த பிறகும் இழுத்தடிப்பதைவிட, தினமும் கொஞ்ச நேரம் கவனமாகச் செய்வதே மேல். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்ப்பதும், தோட்டாக்களை வேறு அறையில் வைப்பதும் கட்டாயம்.

தங்கம் எப்போது?

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் ரத்து. காத்திருந்த டகாக்ஸ், 38 வயதில் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இறங்கினார். 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டி அது. 5 இலக்குகளை முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் வெறும் 4 நொடிக்குள் சுட வேண்டும். 600-க்கு 580 புள்ளிகள் எடுத்து, உலக சாதனையோடு தங்கம் வென்றார். 1952 ஹெல்சின்கியிலும் தங்கம், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்! இந்தப் பிரிவில் அடுத்தடுத்து இரு தங்கம் வென்ற முதல் வீரர் இவர்தான்.

1976-ல் டகாக்ஸ் காலமானார். குண்டு பறித்தது கையை மட்டும்தான். பழகிப் பழகித் திறமையைக் கொண்டுவர, அவருக்கு இன்னொரு கை மிச்சம் இருந்தது.