மொழிகளின் உறவைத் தேடிய நீதிபதி

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது, மலாய்மொழிப் பாடத்தில் குரு, பூமி, பஹாசா, மனுசியா போன்ற சொற்களைக் கண்டு வியந்தேன். இவையெல்லாம் தமிழிலிருந்து சென்றவை என்று பக்கத்தில் அமர்ந்திருந்த மலாய் நண்பனிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் அவை வடமொழிச் சொற்கள் என்றும், மலாயைப் போலவே தமிழும் அவற்றைக் கடன் வாங்கியது என்றும் தெரிந்துகொண்டேன். அப்படியானால், கடன் வாங்கிய மொழி கடன் கொடுத்த மொழிக்குப் பிள்ளையாகிவிடுமா? இக்கேள்விக்கு விடை காண வழி திறந்தவர்களுள் ஒருவர் சர் வில்லியம் ஜோன்ஸ்.

அவர் 1746 செப்டம்பர் 28-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் பெயரும் வில்லியம் ஜோன்ஸ்தான். வட்டக் கணக்கில் நாம் எழுதும் ‘பை’ குறியீட்டை 1706-இல் முதன்முதலாகப் பயன்படுத்திய கணித அறிஞர் அவர். மகனுக்கு மூன்று வயது ஆகும்போதே அவர் இறந்துவிட, தாயாரே பிள்ளையை வளர்த்தார். ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்ற ஜோன்ஸ், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றோடு அரபும் பாரசீகமும் கற்றார். 1771-இல் பாரசீக இலக்கண நூலை வெளியிட்டார். ஆனால், மொழிப்புலமை மட்டும் சோறு போடவில்லை. ஆகவே சட்டம் படித்து வழக்கறிஞரானார்.

1783-இல் கல்கத்தா உச்சநீதிமன்ற நீதிபதியாக வங்காளம் வந்தார். அடுத்த ஆண்டே ஆசியவியல் கழகத்தைத் தோற்றுவித்தார். இந்துக்களின் திருமணம், சொத்து தொடர்பான வழக்குகளில் சாத்திரம் என்ன சொல்கிறது என்று பண்டிதர்களைக் கேட்டே தீர்ப்பளிக்கும் முறை அன்று இருந்தது. மூல நூலைத் தானே படிக்காமல் பிறர் சொல்லை நம்பித் தீர்ப்பு எழுத அவர் மனம் ஒப்பவில்லை. 1785-இல், நாற்பதை நெருங்கும் வயதில், வடமொழி கற்கத் தொடங்கினார். பிராமணப் பண்டிதர்கள் தயங்கியபோது, வைத்தியர் குலத்தைச் சேர்ந்த இராம்லோசன் என்பவர் அவருக்கு ஆசிரியரானார்.

1786 பிப்ரவரி 2-ஆம் நாள் கழகத்தில் ஆற்றிய உரையே அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் ஒத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்றார். ‘இருக்கிறது’ என்பதற்கு வடமொழியில் ‘அஸ்தி’, கிரேக்கத்தில் ‘எஸ்தி’, இலத்தீனில் ‘எஸ்த்’ என்று வருவதைப் பார்த்தாலே அந்த ஒற்றுமை விளங்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வடமொழியை அவர் தாய் என்று சொல்லவில்லை. மறைந்துபோயிருக்கக்கூடிய ஒரு மூலத்திலிருந்து பிறந்த சகோதரியாகவே கண்டார்.

இவ்வொற்றுமையை முதலில் கண்டவர் அவரல்லர். தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1767-இலேயே பாரிசுக்கு எழுதியிருந்தார். ஜோன்ஸ் பிழையும் செய்தார். சீனரையும் பெரு நாட்டவரையும்கூட இந்தியர்களோடு உறவாக்கினார். ஆயினும் ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை இத்துறையின்பால் ஈர்த்தது அவருடைய உரையே. சாகுந்தலத்தை 1789-இலும் மனுதர்மத்தை 1794-இலும் ஆங்கிலத்தில் தந்தார். அதே 1794 ஏப்ரல் 27-ஆம் நாள், 47 வயதில், கல்கத்தாவில் காலமானார். அங்குள்ள பார்க் தெரு கல்லறைத் தோட்டத்தில் அவரது நினைவுத்தூண் உயர்ந்து நிற்கிறது.

அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின், 1816-இல், சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, அவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார்.

இன்றும் நம் வளாகத்தில் வடமொழியே தமிழுக்குத் தாய் என்பாரும் உண்டு. தமிழே உலக மொழிகளுக்கெல்லாம் தாய் என்பாரும் உண்டு. இரு சாராரும் சொற்பட்டியலையே நீட்டுகின்றனர். ஆனால், சொல் கடல் கடந்தும் போகும். வேரும் இலக்கணமும் அவ்வளவு எளிதில் இடம்பெயர்வதில்லை. தமிழனுக்குக் கண்ணும் கையும், மலாய்க்காரருக்கு மாத்தாவும் தாங்கானும் சொந்தச் சொத்து. குருவும் பூமியும் இருவரும் வாங்கிய கடன். கடன் வாங்கியதில் இழிவில்லை. அதை மறைப்பதில்தான் இழிவு.

அந்தப் பள்ளி நண்பனை மீண்டும் சந்தித்தால், அன்று சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.